வலக்கை மணிக்கூடு

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் ஒன்பது மணிக்கே எப்படி முடிந்திருக்கும்?

பெப்ரவரி இருபத்தைந்தாம் திகதி, புதன்கிழமை மாலை, திருகோணமலையில், பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்னறையில் மடிக்கணனிக்கு முன்னால் இருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மேலே ஸ்திரி போட்ட நீலச் சேட்டு, கீழே இடுப்பில் கட்டிய சாரம். கமராவுக்குத் தெரிவது மேல் பாதி மட்டும். திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: இந்தக் கூட்டம் முடிந்துவிட்டது.

நேர்முகப் பரீட்சை அழைப்புக் கடிதத்தில் 'காலை ஒன்பது மணி, எங்கள் நேரம்' என்றுதான் போட்டிருந்தார்கள். வேலை கனடாவில். அங்கே இப்போது ஒன்பது மணி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் என் மாமாவின் மகன் கிருஷாந்த் போனில் இருந்தான். பன்னிரண்டு வருடமாக ரொறன்ரோவில் இருக்கிறவன்.

"மச்சான், உனக்கு இப்ப எத்தினை மணி?" என்று கேட்டேன்.

"ஒன்பது. ஒன்பதும் ஒரு நிமிசமும்."

"கூட்டம் முடிஞ்சுதெண்டு காட்டுது."

"கொஞ்சம் முந்தித் தொடங்கியிருப்பாங்கள்."

"தொடங்கலாம். நான் இல்லாமல் என்னண்டு முடிக்கிறது?"

"உன்ர படத்தைப் பார்த்திட்டு முடிச்சிருப்பாங்கள்," என்றான்.

என் மனைவி நிஷாந்தினி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. இந்த ஒரு பதிலுக்காக நாங்கள் பதினான்கு மாதம் காத்திருந்திருக்கிறோம்.

நான் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். பெயர் சாரங்கன், வயது நாற்பத்தொன்று. ஐஸ் செய்வது குளிரை உள்ளே போடுகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீரில் இருக்கிற சூட்டை அமோனியா வாங்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அமோனியா ஒரு நல்ல சுமைகாரன். அது களைக்காமல் போய்வரப் பார்த்துக்கொள்வது என் வேலை.

வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பதையும் பழுது பார்ப்பது போலவே செய்தேன். ஓடாத இயந்திரத்தில் ஒரே நேரத்தில் நான்கு பாகத்தை மாற்றினால், எது பிழை என்று கடைசிவரை தெரியாது. ஆகவே ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் கொப்பியில் குறித்து வைத்தேன். முதல் பன்னிரண்டில் படிப்பை மேலே போட்டேன். பிறகு வேலை செய்த வருடங்களை மேலே கொண்டுவந்தேன். படத்தை நீக்கினேன். இருபத்தேழாவதில் இருந்து முதல் வரியிலேயே 'பதினாறு வருடமாக அமோனியா இயந்திரங்களோடு வேலை செய்கிறேன்' என்று எழுதினேன். முப்பத்தோராவதுக்குப் பதில் வந்தது.

பதில் போட்டது கனடாவின் கிழக்கு விளிம்பில் இருக்கிற நியூபவுண்ட்லாந்து என்ற தீவில் உள்ள ஒரு மீன் பதனிடும் ஆலை. அங்கே ஏப்ரலில் நண்டுக் காலம் தொடங்கும். அதற்கு முன் குளிர் அறைகளைப் பார்க்க ஆள் வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். ஆறு மாதம் கழித்து குடும்பத்தையும் கூப்பிடலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வசனத்தை நிஷாந்தினி மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள்.

கூட்டம் தவறிய மறுநாள் ஆலையில் இருந்து டெப்ரா என்ற பெண் எழுதினார். 'உங்களுக்காக அரை மணித்தியாலம் காத்திருந்தோம். இன்னும் விருப்பம் இருந்தால் மார்ச் பதினோராம் திகதி புதன்கிழமை, காலை ஒன்பது மணி, எங்கள் நேரம். அதுவும் முடியாவிட்டால் பட்டியலில் அடுத்தவரைப் பார்ப்போம்.' கீழே வட்ஸ்அப் இலக்கம் இருந்தது.

"அரை மணித்தியாலம் காத்திருந்தவையாம்," என்றேன். "நான் ஒன்பதுக்கே வந்தனான். அவை எப்ப காத்திருந்தவை?"

நிஷாந்தினி என் கையில் இருந்து போனை வாங்கினாள். 'கனடாவில் இப்போது எத்தனை மணி' என்று நான் பத்துத் தரம் தேடியிருந்தேன். அவள் கனடா என்பதை அழித்துவிட்டு நியூபவுண்ட்லாந்து என்று போட்டாள். வந்த விடையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினாள்.

கனடா அகலமான நாடு. ஒரு கரையில் விடியும்போது மறுகரையில் நடுச்சாமம். அதனால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு நேரம் வைத்திருக்கிறார்கள். கிருஷாந்தின் ரொறன்ரோவுக்கும் அந்தத் தீவுக்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலம். கிருஷாந்துக்கு ஒன்பது அடிக்கும்போது தீவில் பத்தரை. எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஏதோ நடந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் போய்ச் சேர்ந்தது எல்லாரும் எழும்பிப் போய் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு.

"கனடாவில மற்ற இடங்களுக்கு இடையில எல்லாம் முழு மணி," என்றாள் நிஷாந்தினி. "இந்தத் தீவுக்கு மட்டும் ஒரு அரை."

பிறகுதான் சிரித்தாள். "இந்த உலகத்தில தேடித் தேடி, அரை மணித்தியாலம் தள்ளி நிக்கிற ஊரைத்தான் நீங்கள் பிடிப்பியள்."

நான் கலண்டரில் பதினோராம் திகதிக்குக் கீழே சிவப்பு மையால் எழுதினேன்: ஒன்பது மணித்தியாலம் வித்தியாசம். பின்னேரம் ஆறு. எனக்கு வேலை ஐந்துக்கு முடியும்; துறைமுகத்தில் இருந்து வீட்டுக்கு அரை மணித்தியாலம். முகம் கழுவிச் சேட்டு மாற்ற இன்னும் அரை மணித்தியாலம். எல்லாம் அளவாகப் பொருந்தியது.

அவள் சொன்ன அந்த அரை மணித்தியாலத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம். சில மாதம் கழித்து அதில் பாதியைத் திரும்ப எடுத்தது. மிஞ்சியது அரை. அரசாங்கத்தோடு போரிட்ட இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவில்லை. ஆகவே பத்து வருடத்துக்கு இந்தச் சின்ன நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. என் ஊர் இலங்கைத்துறை. அங்கே பழைய நேரம். திருகோணமலை நகரத்தில் புதிய நேரம். நகரத்தில் ஐந்து மணி என்றால் எங்களுக்கு நாலரை.

இரண்டாயிரத்து மூன்றில் நகரத்துக்குக் குளிரூட்டி வேலை படிக்க வந்தேன். கிழமை முழுக்க நகரத்தில் ஓர் அறை, சனிக்கிழமை ஊர். ஞாயிறு மத்தியானம் பஸ் இரண்டு பகுதிக்கும் எல்லையான கட்டைபறிச்சான் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது ஒரு காட்சி நடக்கும். யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் இடக்கையைத் தூக்கி, மணிக்கூட்டின் சின்னத் திருகாணியை நகத்தால் இழுத்து, அரை மணித்தியாலம் முன்னே சுற்றுவார்கள். திரும்பிப் போகும்போது பின்னே சுற்றுவார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரிப் பழகிப்போன வேலை. அதற்குப் பிறகு மூதூரில் லோஞ்ச் ஏறி, குடாவைக் கடந்து, நகரத்து இறங்குதுறையில் இறங்குவோம்.

நிஷாந்தினி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை செய்தாள். என்னிடம் இருந்த புத்தகங்களை விட அதிகமான பக்கங்களை நான் கொப்பி எடுத்தேன். ஒரு நாள் அவளே கேட்டாள், "இதெல்லாம் படிக்கத்தானோ?" அடுத்த ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு டச்சு வளைகுடாக் கடற்கரை என்று முடிவானது.

அந்த ஞாயிறு நான் சாவடியில் நித்திரை. எல்லாரும் திருகாணியை இழுத்தபோது என் தலை யன்னல் கம்பியில் இருந்தது. நகரத்தில் இறங்கியபோது என் மணிக்கூட்டில் நாலு. ஒரு மணித்தியாலம் இருக்கிறதே என்று சலூனுக்குப் போய்த் தலைமயிர் வெட்டி, தேத்தண்ணி குடித்து, ஐந்து மணிக்குச் சரியாக, ஒரு நிமிடம் பிந்தாமல், கடற்கரைக்குப் போனேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீதியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"அரை மணித்தியாலம் நிண்டனான்," என்றாள்.

"எங்கட ஊரில இப்பதான் அஞ்சு."

"அப்ப உங்கட ஊரிலயே நிண்டிருக்கலாமே."

பிறகு என் கழுத்தில் ஒட்டியிருந்த வெட்டுமயிரைப் பார்த்தாள். கோபம் பாதியாகக் குறைந்தது. நான் மிச்சப் பாதியோடு ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தேன். போகும்போது, "ரெண்டு மணிக்கூடு கட்டுங்கோ," என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள்.

மறுநாளே பஸ் நிலையத்து நடைபாதையில் கறுப்புப் பட்டி போட்ட ஒன்றை வாங்கி வலக்கையில் கட்டினேன். இடக்கை ஊர் நேரம், வலக்கை நகரத்து நேரம். கூட்டிக் கழிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் கூட்டுவதா கழிப்பதா என்று அவசரத்தில் மாறிவிட்டால், அரை மணித்தியாலப் பிழை ஒரு மணித்தியாலமாகிவிடும். இரண்டு மணிக்கூட்டில் கணக்கே இல்லை, பார்த்தால் போதும்.

வலக்கை மணிக்கூட்டை ரேடியோவைக் கேட்டு வைக்கவில்லை. "உம்மட மணிக்கூட்டில இப்ப என்ன?" என்று அவளிடமே கேட்டு வைத்தேன். அவளுடையது மூன்று நிமிடம் வேகம். என் வலக்கையும் மூன்று நிமிடம் வேகமாக ஓடியது. அது பிழை இல்லை. நான் சந்திக்கப் போவது ரேடியோவை அல்ல.

மூன்று வருடம் இப்படி ஓடியது. படிப்பு முடிந்து நகரத்தில் வேலை கிடைத்தது. அப்போதும் சனி, ஞாயிறு ஊர். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி. இறங்குதுறையில் தெரிந்தவர்கள் என்னைக் கண்டால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார்கள்.

மார்ச் ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை, நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நிஷாந்தினி கலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என் சிவப்பு எழுத்தைப் பார்த்தபடி கேட்டாள்:

"இது அளந்தது எண்டைக்கு?"

"எது?"

"இந்த ஒன்பது மணித்தியாலம்."

"போன மாதம். நீதானே போனில பார்த்தனீ."

"ஓம். போன மாதம்." சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "நீங்கள் கடற்கரையில எனக்காகக் காத்திருந்த நாள் ஞாபகம் இருக்கோ?"

இருந்தது. இரண்டாயிரத்து ஆறு, சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த விடுமுறைக்குள் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை மீண்டும் பழைய நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் சாவடியைத் தாண்டியபோது யாரும் திருகாணியை இழுக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்குத்தான் இரண்டு மணிக்கூடு இருக்கிறதே, மற்றவர்கள் கையை ஏன் பார்க்கப் போகிறேன்? வலக்கையில் ஐந்து காட்டியபோது கடற்கரையில் யாரும் இல்லை. மணலில் இருந்தேன். அரை மணித்தியாலம் கழித்து அவள் வந்தாள், சரியான நேரத்துக்கு.

"எவ்வளவு நேரமா இருக்கிறியள்?"

"அரை மணித்தியாலம்."

"அப்ப இனி நீங்களும் நானும் சரிக்குச் சரி," என்றாள். என் வலக்கையைப் பிடித்து, தன் விரலால் திருகாணியை இழுத்து, அரை மணித்தியாலம் பின்னே சுற்றினாள். அவளுடைய மூன்று நிமிடத்தை விட்டால், முதல் தடவையாக என் இரண்டு கையிலும் ஒரே நேரம் இருந்தது. அவள் என் கையைப் பிடித்ததும் முதல் தடவை.

அந்த வருடம் முடிவதற்குள் சண்டை திரும்பி வந்து இலங்கைத்துறை வெறிச்சோடியது. எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு எந்த நேரத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஆனால் டச்சு வளைகுடாவில் அந்தப் பின்னேரம் நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில் கடல் எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்வேன். காத்திருந்ததால்தான் பார்த்தேன்.

"அண்டைக்கு உங்கட மணிக்கூட்டில ஒரு பிழையும் இல்லை," என்றாள் நிஷாந்தினி. "நாங்கள் கதைச்சு வைச்ச பிறகு நேரத்தை மாத்திப்போட்டாங்கள். இந்தத் தீவுக்காரரும் இடையில மாத்தமாட்டினம் எண்டு என்ன நிச்சயம்?"

"கனடாவில சண்டையோ நடக்குது?"

"இஞ்ச மாத்தினது கரண்டுக்காக."

அவள் அறைக்குள் போய் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். உள்ளே எங்கள் கலியாணக் கார்ட் ஒன்று, மகளின் முதல் வளையல், கறுப்புப் பட்டி போட்ட அந்த மணிக்கூடு. பட்டி காய்ந்து வெடித்திருந்தது. அது எப்போதோ தொலைந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் நகரத்தில் புதுப் பட்டரியும் புதுப் பட்டியும் போட்டேன். கடைக்காரர் உள்ளே திறந்து பார்த்து, "இதை விட புதுசு வாங்கினால் லாபம்," என்றார். ஓடத் தொடங்கியதும் அவரே கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து டெப்ராவுக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். என்ன கேட்பது என்பதில் கவனமாக இருந்தேன். 'எத்தனை மணித்தியாலம் வித்தியாசம்' என்று கேட்டால் அவரும் எங்கேயாவது பார்த்து ஓர் எண்ணைத்தான் சொல்வார். அந்த எண் பழையதாக இருக்கலாம். ஆகவே இப்படி எழுதினேன்: 'இங்கே செவ்வாய் மாலை ஆறு மணி. உங்கள் அலுவலகச் சுவர் மணிக்கூட்டில் இப்போது எத்தனை மணி என்று தயவுசெய்து சொல்வீர்களா?'

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. எழுத்து இல்லை, படம். வெள்ளைச் சுவரில் வட்டமான மணிக்கூடு. கீழே யாரோ தொங்கவிட்ட மழைச் சட்டை. முட்கள் பத்து மணி நான்கு நிமிடத்தில் நின்றன.

என் இடக்கையில் ஆறு மணி நான்கு நிமிடம். நான் எதிர்பார்த்தது ஒன்பதும் நான்கும்.

"பத்து," என்றேன்.

நிஷாந்தினி படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மாத்திப்போட்டாங்கள்," என்றாள். அவளுடைய குரலில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் பிந்தியிருப்போம். பழைய மணிக்கூட்டைப் படத்தில் இருந்த நேரத்துக்கே வைத்து வலக்கையில் கட்டினேன்.

டெப்ராவிடம் கேட்டபோது சொன்னார். கோடையில் பின்னேர வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்துவதற்காக, ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்களாம். இந்த முறை அந்த ஞாயிறு எட்டாம் திகதி. அழைப்பு அனுப்பியதற்கும் நேர்முகப் பரீட்சைக்கும் நடுவில் விழுந்திருந்தது. ஆகவே அவர்களின் ஒன்பது மணி எங்களுக்கு ஆறு அல்ல, ஐந்து. ஐந்து மணிக்கு நான் துறைமுகத்தில் கம்பிரசருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நின்றிருப்பேன்.

புதன்கிழமை காலை, வேலைக்குப் போனதும் அபூதாஹிர் நானாவைத் தேடிப் போனேன். மூதூர்க்காரர், எங்கள் இயந்திர அறையில் எனக்கு மூத்தவர், என் கடற்கரைக் கதை தெரிந்தவர். என்னைக் கண்டதும் அவருடைய கண் என் கைகளில்தான் விழுந்தது.

"என்ன தம்பி, ரெண்டு கையிலயும் மணிக்கூடு?" என்றார். பிறகு முகம் மெல்ல விரிந்தது. "எது பழைய நேரம், எது புதிய நேரம்?"

அந்தக் கேள்வியை இருபது வருடமாக யாரும் என்னிடம் கேட்கவில்லை. மூதூரில் அப்போது கடைக்காரர் முதல் லோஞ்ச் ஓட்டுகிறவர் வரை எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

"இடக்கை நம்மட நேரம் நானா. வலக்கை கனடா."

"கனடாவுக்கும் லோஞ்ச் போகுதா?"

விடயத்தைச் சொன்னேன். அன்று என் வேலையின் கடைசி இரண்டு மணித்தியாலத்தை அவர் பார்க்க வேண்டும். அடுத்த கிழமை நான் அதைத் திருப்பிச் செய்வேன். அவர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி என் வலக்கை மணிக்கூட்டைக் குனிந்து பார்த்தார்.

"போங்க," என்றார். "இது எல்லாம் பொம்புளயள் சொன்னாக் கேக்கோணும் எண்டு நாம ரெண்டாயிரத்து மூணிலயே படிச்சிருக்கோணும். ஆர் சொன்னது, உங்கட பொஞ்சாதிதானே?"

"ஓம்."

"தெரியும்."

நாலு மணிக்குள் வீட்டில் இருந்தேன். அதே நீலச் சேட்டு. இந்த முறை கீழே காற்சட்டையும் போட்டேன். நிஷாந்தினி எனக்குப் பக்கத்தில், கமராவுக்குத் தெரியாத இடத்தில், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கிருஷாந்த் போன் எடுத்து, "மச்சான், எனக்கு இப்ப ஏழரை ஆகப்போகுது, சொல்லட்டோ?" என்றான். "ஒண்டும் சொல்லாதே," என்றேன்.

சுவரில் ஐந்தாக ஒரு நிமிடம். நான் சுவரைப் பார்க்கவில்லை. வலக்கையில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் பொத்தானை அழுத்தினேன். திரை ஒரு தரம் சுழன்றது. பிறகு திறந்தது. ஒரு நீண்ட மேசையில் மூன்று பேர் அப்போதுதான் கதிரையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே அந்த வட்ட மணிக்கூடு, அதில் ஒன்பது. நடுவில் இருந்தவர் "காலை வணக்கம், சாரங்கன்," என்றார். மேசைக்குக் கீழே நிஷாந்தினியின் கை என் வலக்கையைப் பிடித்திருந்தது.

முறை இவ்வளவுதான். வித்தியாசத்தை எழுதி வைக்கக் கூடாது, அது மாறும். சந்திக்கப் போகிறவரிடமே, சந்திப்புக்கு முந்திய நாள், 'உங்கள் மணிக்கூட்டில் இப்போது எத்தனை மணி' என்று கேட்டு, இரண்டாவது மணிக்கூட்டை அதற்கு வைத்து, அவர் சொன்ன மணிக்கு அதை மட்டும் பார்க்க வேண்டும்.